எங்கூட்டுக்காரியோட மிஸ்டர் எக்ஸ்

ஏங்கண்ணு, போன்ல ஓடுதே, கண்ணாடி போட்ட அம்மா ஒண்ணு பேசுதே, அது கிளாஸா? இல்ல, நான் எட்டிப் பாக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு தானாப் போவுதில்ல. நர்சிங்கா? அட, நான் நெனச்சன் பாரு! அந்த அம்மா பின்னாடி மாட்டியிருக்குதே கிட்னிப் படம், அதப் பாத்ததுமே நெனச்சன். அதே படம் எங்கூட்லயும் இருக்குது. நடு ஊட்ல, சாமி படத்துக்கு நேர் எதிர்ல. சாமி கும்புட்டுட்டுத் திரும்புனா கிட்னி.

எங்கூட்டுக்காரியும் படிக்கறா கண்ணு. எம்.எஸ்ஸி. நர்சிங், ஆன்லைன்ல, வேலைக்குப் போய்க்கிட்டே. எல்லாரும் கோகிலாவப் பாத்து, ஐயோ பாவம், டூட்டியும் பாத்துக்கிட்டுப் படிக்கவும் படிக்கறீங்களேங்கறாங்க. அவ புருசன் பட்ட பாட்ட ஒருத்தராச்சும் கேக்கோணுமே! நீ சித்த அந்தக் காதுல இருக்கறதக் கழட்டு, நான் சொல்றன். கிளாஸ் எங்க போயிருது, பொறவு போட்டுப் பாத்துக்கலாம். கோகிலா அப்படித்தான் பண்ணுவா.

எம்பேரு நாச்சிமுத்து. கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயரானவன். இந்தக் கோயமுத்தூர், ஈரோடு ரூட்டு எனக்கு எங்கூட்டுக்குப் பின்னால இருக்கற பொடக்காலி மாதிரி. நான் பெருந்துறையில எறங்கிக்குவன். நீ ஈரோடா? அப்ப நேரம் கெடக்குது.

அவ படிக்கப் போறன்னு சொன்னது ஒரு காலங்காத்தால. வட்டல்ல இட்லிய வெச்சுக்கிட்டே, "ஏனுங்க, நான் மேல படிக்கலாம்னு இருக்கறனுங்க"ன்னா. அயர்லாந்துல ஒரு காலேஜாம். அங்க அவிய சொல்லிக்குடுப்பாங்களாம், இவ இங்க பெருந்துறையில உக்காந்து கேப்பாளாம். "பேரன் பேத்தி எடுக்கற வயசுல உனக்கு என்னத்துக்குடி படிப்பு?"ன்னன். தப்பா கேட்டனா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டன். அதுக்கு அவ சொன்னா பாரு, "எங்க வார்டுல சக்கரை நோயாளிகளுக்குக் காலு எடுக்கறாங்கங்க. எடுத்த பொறவு கட்டுப் போட்டுப் போட்டு எனக்குச் சலிச்சுப்போச்சு. எடுக்காம இருக்கறதுக்கு என்ன செய்யோணுமோ அதப் படிக்கறன்"ன்னு. தடுக்கல கண்ணு. தடுத்தன்னு யாரும் சொல்லிறக்கூடாது. கொஞ்ச நாள் பேசாம இருந்தன், அவ்வளவுதான்.

அப்பறம் ஆரம்பிச்சுது. காலையில டூட்டிக்குப் போவா, மத்தியானம் வருவா. வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்குவா. நம்ம பக்கம் வெயில் சாயற நேரந்தான் அயர்லாந்துல காலையாம். அந்த நேரத்துக்கு நான் டிவி போடக்கூடாது. குக்கர் வெக்கக்கூடாது. இருமக்கூடாது. ஒருக்கா குளிச்சுப்போட்டு துண்டோட குறுக்க போயிட்டன். எங்கூட்ல நான் போறன், எனக்கு என்ன தெரியும், பொட்டிக்குள்ள அத்தனை வெள்ளக்காரங்க உக்காந்திருக்கறது? அவிய டீச்சரு, நோரா மேடம்னு பேரு, அந்தம்மா என்னயப் பாத்துக் கையாட்டுச்சு. நானும் ஒரு கும்புடு போட்டன். ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டதுல துண்டு கெரகம்... போச்சாது, அத விடு. சிரிக்காத கண்ணு.

இதுல டீ வேற. அவ கிளாஸ்ல இருக்கறதுனால சாயங்கால டீய நானே போட்டுக்கோணும். ஆம்பள போடற டீ எப்படி இருக்கும்? எனக்கு அளவு தெரியாது. சக்கரைய அள்ளிப் போடறதுதான். எனக்கும் சக்கரை இருக்குதுங் கண்ணு, இல்லீங்கல. ஆனா அது சும்மா பேருக்கு. மாத்திரை குடுத்திருக்கறாங்க, ஞாபகம் வந்தா போட்டுக்குவன். காலு கொஞ்சம் மரமரன்னு இருக்கும். அது சக்கரையில்ல. ஆயுசெல்லாம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தவன் காலு அப்படித்தான் இருக்கும். எந்தக் கண்டக்டரையும் கேட்டுப் பாரு.

இதா, அவிநாசி. இங்க எறங்கற கூட்டம் எறங்குனா காத்து வரும்.

என்ன சொன்னன்? ஆங், பிராஜெக்டு. நீயும் பண்ணியிருப்பியே. இவளுக்கு ஒரு பிராஜெக்டு குடுத்தாங்க. சக்கரை இருந்தும் யார் பேச்சும் கேக்காத ஒரு ஆளப் புடிக்கோணும். புடிச்சு அந்த ஆளு கூடவே இருந்து, திட்டாம, பயமுறுத்தாம, நைசாப் பேசியே பழக்கத்த மாத்தோணும். அந்த ஆளோட மூணு மாச ஆவரேஜ் சக்கரை எறங்குதான்னு பாக்கோணும். அது நல்லபடியா முடிஞ்சாத்தான் டிகிரி. முதல்ல அவிய ஆஸ்பத்திரிக்கே வர்ற ஒரு ஆளப் புடிச்சா. அவன் பாதியில காணாமப் போயிட்டான். போன் பண்ணுனா எடுக்கறதில்ல. ஊட்டுக்குப் போனா சம்சாரத்த உட்டு, இல்லைன்னு சொல்லச் சொல்றானாம், உள்ள இருந்துக்கிட்டே. அந்தப் பேப்பர் போச்சு. நோரா மேடம் இன்னொரு தடவைதான் வாய்ப்பு, இதும் போச்சுன்னா அவ்வளவுதான்னு சொல்லிப்போட்டாங்க. அன்னைக்கு அவ சோறு திங்கல கண்ணு. முந்தானையில மூஞ்சியத் தொடைச்சுத் தொடைச்சு உக்காந்திருந்தா. எனக்கு மனசுக்குச் செரியில்ல. என் சோத்தோட அவ சோத்தயும் நானே தின்னுட்டுப் படுத்தன்.

மக்யா நாள் விடிஞ்சதும் நான் போன்ல பேசிக்கிட்டிருக்கறன், எங்க சங்கத்து எலெக்சன் பத்தி. வந்து நின்னா. "ஏனுங்க, உங்களயே எடுத்துக்கட்டுங்களா?"ன்னா. எனக்கு ஒரு காதுல சங்கம், ஒரு காதுல இவ. அவ ஸ்கூட்டி ரிப்பேர்ல நிக்குதில்ல, என் வண்டியக் கேக்கறா, உங்களுதயே எடுத்துக்கட்டுங்களான்னு கேக்கறான்னு நெனச்சு, "எடுத்துக்க, எடுத்துக்க"ன்னன். அவ போகல. "நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க. உங்களுக்கு இஷ்டம் இருக்கோணும். நடுவுல வேண்டாம்னு தோணுனாலும் சொல்லிப்போடலாம்"ன்னா. ஒரு வண்டிக்கு இத்தனை பேச்சா? "எடுத்துக்கன்னு சொல்லிட்டன்ல, எத்தன நாளைக்கு வேணுமோ வெச்சுக்க. எனக்கு எங்க போறதுக்கு இருக்குது?"ன்னன். அவ கண்ணு கலங்கிருச்சு. "ரொம்ப நன்றிங்க"ன்னுட்டுப் போனா. இதுல வேடிக்கை என்னன்னா, வண்டி நின்ன எடத்துலயே நிக்குது, அவ பஸ்லதான் டூட்டிக்குப் போறா. சொன்னா நம்பமாட்ட, பொம்பளைங்க மனச யாராலயும் கண்டுபுடிக்க முடியாது.

ஆனா பாரு, அந்த வாரமே அவளுக்கு ஆளு கெடச்சிருச்சு. நோரா மேடம் கிட்டப் பேசறது காதுல விழுந்துது. மிஸ்டர் எக்ஸ், மிஸ்டர் எக்ஸுன்னு. எக்ஸுன்னா பேரு இல்ல, பேரச் சொல்லக்கூடாதுன்னு எக்ஸு. உனக்குத் தெரியும். அந்த ஆளும் டிரான்ஸ்போர்ட்ல வேலை பாத்து ரிட்டயரானவராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "யாருடி அது? எனக்குத் தெரிஞ்ச ஆளா?"ன்னு கேட்டன். "உங்களுக்குத் தெரியாதாக்கும்!"ன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சா. "ஓடிறமாட்டானே?"ன்னன். "இவரு எங்கயும் ஓடமாட்டாருங்க"ன்னா. அத்தன நம்பிக்கை அந்த ஆளு மேல.

அன்னைல இருந்து எங்கூட்ல சோறு திங்கறப்பல்லாம் எக்ஸு பேச்சுத்தான். நான் ஒண்ணு சொல்றன் கண்ணு, அந்த மாதிரி ஒரு பிடிவாதக்காரன நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. சொந்தமா ஒரு டீய ஒழுங்காப் போடத் தெரியாதாம், ஸ்பூன் ஸ்பூனா சக்கரைய அள்ளிக் கொட்டிக்குவாராம். மாத்திரைய மறந்துருவாராம். மறந்தத ஞாபகப்படுத்துனா கோவம் வருமாம். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாராம். இவன வெச்சுக்கிட்டு எப்படிப் பொழைக்கறாளோ அந்த வீட்டுப் பொம்பளைன்னு சொன்னன். கோகிலாவுக்குப் பொரையேறிருச்சு. தலையில தட்டுனன்.

கேட்டாளே ஒரு கேள்வி: "ஏனுங்க, ஒரு ஆம்பளைய சக்கரையக் கொறச்சுக்கன்னு சொன்னா ரோசம் வருது. நீங்களா இருந்தா எப்படிச் சொன்னாக் கேப்பீங்க?"ன்னு. இத்தன வருசத்துல என்கிட்ட யோசனை கேட்டதில்ல கண்ணு அவ. எனக்கு நெஞ்சு நெமிந்துருச்சு. "இங்க பாரு கோகிலா, பஸ்ஸுல கூட்டத்த உள்ள போகச் சொல்றமே, உள்ள போ உள்ள போன்னு கத்துனா ஒருத்தனும் நகரமாட்டான். மொறைப்பான். ஒரு எட்டு நகந்துக்கங்கண்ணான்னு சொல்லு, நகருவான். அடுத்த ஸ்டாப்புல இன்னொரு எட்டு. அவனுக்கே தெரியாது, பின் படிக்கட்டுல ஏறுனவன் டிரைவர்கிட்டப் போயிருப்பான். அந்த எக்ஸு சக்கரைய ஒரேடியாப் புடுங்காத. ஸ்பூன மாத்து. அந்தாளுக்குத் தெரியாம மாத்து"ன்னன். அவ என்னயவே பாத்தா. "நீங்க எங்க நோரா மேடத்துக்கே கிளாஸ் எடுக்கலாமுங்க"ன்னா.

அது இருக்கட்டும், இந்தப் படிப்பு வந்ததுல எங்கூட்ல சாமான் ஒண்ணும் இருந்த எடத்துல இருக்கறதில்ல. சக்கரை டப்பாவுல நல்ல பெரிய ஸ்பூன் ஒண்ணு கெடந்துது. காணாமப் போச்சு. கொழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி ஒண்ணு கெடக்குது. கேட்டா, "எங்க போச்சோ தெரியலீங்க"ங்கறா. நானும் சண்டை போடாம அத வெச்சே சமாளிச்சன். அந்த எக்ஸுக்காக அவ மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கறப்ப ஸ்பூனுக்குப் போயி சண்டை போட முடியுமா?

அப்பறம் நடக்கறது. எக்ஸு நடக்கமாட்டேங்கறாராம். வாக்கிங் போறவனெல்லாம் வேலையத்தவன்னு லொள்ளு பேசுவாராம். அது மட்டும் நியாயமாத்தான் பட்டுது எனக்கு. ஆனாலும் சொன்னன், "சும்மா நடன்னா எவன் நடப்பான்? ஒரு வேலையச் சொல்லித் தாட்டி உடு. காய் வாங்கிட்டு வா, அத வாங்கிட்டு வா, இத வாங்கிட்டு வான்னு உடு. நடந்த மாதிரியும் இருக்கும், வேலை ஆன மாதிரியும் இருக்கும்"ன்னு. அதயும் மண்டையில ஏத்திக்கிட்டா.

இந்த நேரத்துலதான் எனக்கு இன்னொரு ரோதனை. எங்கூட்டுக்கு எதுத்தாப்புலயே மளிகைக் கடை. கருவேப்பிலை அங்கயே கெடக்குது. இவளுக்கு அது ஆகாதாம். பஸ் ஸ்டாண்டுக்கு அக்கட்ட ஒரு கெழவி விக்குதே, அந்தக் கருவேப்பிலைதான் மணமா இருக்குதாம். வண்டியில போலாம்னா சாவியக் காணம்! தெனமும் வெயில் தாழ நடந்து போயி நடந்து வருவன். ஒரு நாள் கருவேப்பிலை, ஒரு நாள் கொத்துமல்லி. எல்லாத்தயும் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்தர்றன்னு சொன்னா, "வாடிப்போயிருங்க"ங்கறா. படிக்கற பொம்பளைக்கு ஒத்தாசை பண்றதுன்னா சும்மாவா?

நீ எதுக்கு இப்படிச் சிரிக்கற? கருவேப்பிலைக்கா? பெருமாநல்லூர் வந்துருச்சு பாரு, அந்தாளுக்கு வழி உடு, எறங்கட்டும்.

இனிமேல் சொல்றது சிரிக்கற சமாச்சாரமில்ல. ஒரு நாள் அவ மொகமே செரியில்ல. என்னடின்னன். "அவரு காலப் பாக்கோணுங்க. சக்கரை இருக்கறவங்க உள்ளங்கால தெனமும் பாக்கோணும். அடியில புண்ணு வந்தாலும் அவங்களுக்கு வலி தெரியாது. தெரியாமயே போயி, கடைசியில கால எடுக்கற நெலைமைக்கு வந்துரும். இவரு காட்டமாட்டேங்கறாரு. கேட்டா, பொம்பளைகிட்ட உள்ளங்காலக் காட்டறதான்னு வெக்கப்படறாரு. வெறுங்கால்லயே வேற திரியறாரு. எனக்குப் பயமா இருக்குதுங்க"ன்னா.

அட, அந்த வெக்கம் எனக்குப் புரியுது கண்ணு. எங்கிட்டயும்தான் கேட்டுருக்கறா, நானும் காட்டுனதில்ல. காலக் கொண்டுபோயி எப்படி நீட்டறது? அதனால யோசனை பண்ணிச் சொன்னன், "நீ கேட்டாத்தான அந்தாளு கூச்சப்படறான்? அவன் சம்சாரத்தப் புடி. ஆடிப் பதினெட்டு வருதில்ல? தாலிக்கயிறு மாத்திட்டு பொண்டாட்டிக புருசன் கால்ல விழுவாங்கல்ல? அப்ப எந்தப் புருசன் கால இழுத்துக்குவான்? ராசா மாதிரி உக்காந்திருப்பான். அந்தப் பொம்பளைய விழுந்த எடத்துலயே நல்லாப் பாத்துக்கச் சொல்லு"ன்னன். கோகிலா காலண்டர்ல ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வட்டம் போட்டு வெச்சுட்டு, "கட்டாயம் சொல்றனுங்க"ன்னா.

ஆடிப் பதினெட்டு வந்துது. காவேரிக்குப் போயிட்டு வந்தம். கயிறு மாத்துனா. நான் வேட்டி கட்டிக்கிட்டுச் சேர்ல உக்காந்தன். எப்பவும் அவ கால்ல விழுகறது எப்படித் தெரியுமா? குனிஞ்சா நிமிந்தா, முடிஞ்சுது, அடுப்புல வேலை கெடக்கும். இந்தத் தடவ விழுந்தவ எந்திரிக்கவே இல்ல கண்ணு! தரையில உக்காந்து என் கால ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டா. மெதுவாத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. ஒவ்வொரு வெரலாத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா, வெரல் சந்தெல்லாம் பாக்கறா. இத்தன பக்தி எங்கிருந்துடா வந்துதுன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. "நல்லா இரு, நல்லா இரு"ன்னு ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டே இருக்கறன். எத்தன தடவதான் சொல்றது? அவ எந்திரிச்சாத்தான?

அப்பப் பாத்தா அழுகறா. எங்காலு நனையுது. நனையறதே எனக்குத் தெரியல, குனிஞ்சு பாத்தப்பறந்தான் தெரிஞ்சுது. "என்னடி கோகிலா, நோம்பியும் அதுவுமா"ங்கறன். அவ நிமிந்தா. கையில ஒரு வேலமுள்ளு. முழுசா உள்ளயே போயிருந்துதாம். எடது காலு, குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால. சுத்திலும் வெள்ளையா, மெத்து மெத்துன்னு ஆயிருக்குது. எப்பக் குத்துச்சோ! அதோடயே காவேரிக்குப் போயி, அதோடயே கருவேப்பிலை வாங்கி, அதோடயே திரிஞ்சிருக்கறன். எனக்கு வலியே இல்ல. சொன்னன்ல, கண்டக்டர் காலு அப்படி.

அதுக்கு அவ பண்ணுன ஆர்ப்பாட்டம் இருக்குதே! நோம்பிச் சோத்தக் கூடத் திங்க உடல. வண்டிச் சாவி எங்கிருந்தோ வந்துருச்சு, பின்னால உக்காரச் சொல்லி அவளே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. டாக்டரு பாத்துட்டு, "நல்ல வேளை சிஸ்டர், இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சாரு. இவ கண்ணக் காட்டுனா, அவரு நிறுத்திக்கிட்டாரு. தெனமும் கட்டு. ஆடி போயி ஆவணியும் போற வரைக்கும் கட்டு. காலத் தரையில ஊனக்கூடாதாம். டூட்டி முடிச்சு வந்து, கிளாஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள என் கால மடியில வெச்சுக் கழுவிக் கட்டுவா. நானும் போனாப் போவுதுன்னு காட்டிக்கிட்டு உக்காந்திருந்தன். எனக்காகவா? அவ மனசு சமாதானத்துக்கு.

இதுல ஆச்சரியத்தக் கேளு. அதே சமயத்துல அந்த எக்ஸுக்கும் கால்ல புண்ணாம்! நோரா மேடம்கிட்ட இவ சொல்லிச் சொல்லி அழுகறா. அங்க அந்தம்மாவும் கண்ணத் தொடைக்குது. எனக்குப் பாவமாப் போச்சு. ஆஸ்பத்திரியில டூட்டி, ஊட்ல எனக்குக் கட்டு, அந்த ஆளு ஊட்டுக்குப் போயி அவனுக்கும் ஒரு கட்டு. ஒரு பொம்பளை எத்தன காலத்தான் கழுவுவா?

அப்ப வந்துது எனக்குக் கோவம். அந்த எக்ஸு யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டிரான்ஸ்போர்ட்ல ரிட்டயர், சக்கரை, நம்ம சினேகிதம், லொள்ளு பேசறவன். வேற யாரு? எங்க டிரைவர் அர்த்தநாரி! அவனும் நானும் ஒரே பஸ்ல இருந்தவங்க. இப்பவும் சாயங்காலமானா பேக்கரியில ஒண்ணா உக்காந்து ஆளுக்கொரு தேங்கா பன்னும் டீயும் சாப்புடுவம். கட்டுக் காலோட ஆட்டோ புடிச்சுப் போனன் கண்ணு. அவன் கால மேசைக்கடியில உட்டுக்கிட்டுப் பன்ன வாயில வெக்கப் போனான், கையப் புடிச்சன்.

"வைடா கீழ. அர்த்தநாரி, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீதான எக்ஸு?"

"எவன்டா எக்ஸு?"ங்கறான்.

"மறைக்காத. என் சம்சாரம் உனக்காகத் தெனமும் அழுகறா. அவ படிப்பே உன் கையிலதான் இருக்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா அவளுக்கு வேற வாய்ப்பே இல்ல. நீ பாட்டுக்குப் பன்னத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கற. உனக்கு மனசாட்சி இருக்குதா? சக்கரைய உடு, மாத்திரைய ஒழுங்காப் போடு, செருப்பப் போட்டுக்கிட்டு நட. அவளுக்காகப் பண்ணு. உன்னக் கையெடுத்துக் கும்புடறன்டா"ன்னன். பேக்கரியில அத்தன பேரும் பாக்கறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அவன் எம்மூஞ்சியப் பாத்தான். கீழ என் காலுக் கட்டப் பாத்தான். மறுக்கா மூஞ்சியப் பாத்தான். பன்னத் தட்டுலயே வெச்சுட்டு, "செரிடா. நான்தான் எக்ஸுன்னு வெச்சுக்க. நான் திருந்தறன். ஆனா தனியா என்னால முடியாது. நீ கூட இருக்கோணும். நான் பன்ன உட்டா நீயும் உடோணும். நான் மாத்திரை போட்டதும் உனக்குப் போன் பண்ணுவன், நீயும் போட்டுட்டன்னு சொல்லோணும். ஏமாத்துனியோ, கோகிலாகிட்டயே சொல்லிப்போடுவன்"ன்னான். குசும்பு புடிச்சவன், திருந்தறதுலயும் என்னயச் சேத்து இழுக்கறான் பாரு. என்ன பண்ணித் தொலைக்கறது? அவ படிப்பு முக்கியமில்ல? ஒத்துக்கிட்டன். அன்னைல இருந்து சக்கரை இல்லாத டீ. வாயில வெக்க வழங்காது. அடுத்தவன் சக்கரைக்காக நான் பத்தியம் இருந்தன் கண்ணு!

பலன் இல்லாமப் போகல. எக்ஸுக்கு மூணு மாச சக்கரை நல்லா எறங்கிருச்சாம். புண்ணும் ஆறிருச்சாம். நோரா மேடம் கை தட்டுன சத்தம் எனக்குப் பொடக்காலி வரைக்கும் கேட்டுது. அந்தத் தடவ எனக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தா, என்னுதும் எறங்கியிருக்குது. கூடச் சேந்த தோசம்! அர்த்தநாரிகிட்ட, "உன்னால எனக்கும் நல்லதாப் போச்சுடா"ன்னன். அவன் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறான். சக்கரை கொறைஞ்சா மூளையும் கொஞ்சம் கொறையும் போலிருக்குது.

இதென்ன, விஜயமங்கலம் தாண்டியாச்சா? கிட்ட வந்தாச்சு. வேகமாச் சொல்றன்.

இன்னைக்குத்தான் கடைசி. இன்னைக்குச் சாயங்காலம் அவ எல்லாத்தயும் நோரா மேடத்துக்கும் இன்னும் பெரிய பெரிய டீச்சருங்களுக்கும் சொல்லிக் காட்டோணும். அந்த எக்ஸும் இஷ்டப்பட்டா வந்து நாலு வார்த்தை பேசலாமாம். பேசுனா கோகிலாவுக்கு ரொம்பப் பெருமையாம். "அவரு வருவாருல்ல?"ன்னு கேட்டன். "வருவாருங்க, அவருக்கு வேற எங்க போறதுக்கு இருக்குது?"ங்கறா. "அப்ப நான் உள்ள வரல, துண்டும் கிண்டுமா எதுக்கு? நான் பொடக்காலியிலயே இருந்துக்கறன்"ன்னன். "ஐயோ, அதெல்லாம் ஆகாது. நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு எம்பக்கத்துல உக்காருங்க. நீங்க இல்லாம எனக்குப் பேச வராது"ன்னுட்டா. அர்த்தநாரி வந்தா எனக்கு இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் அவன். கேமராவுல அடங்குவமான்னு தெரியல.

இந்தப் பையில என்ன இருக்குதுன்னு பாக்கறியா? செருப்பு. சக்கரைக்காரங்களுக்குன்னே அடியில மெத்தை வெச்சுத் தெக்கறாங்கல்ல, அது. எக்ஸுக்கு வாங்கிக் குடுக்கோணும், நீங்களே நேர்ல போயி வாங்கிட்டு வாங்கன்னு என்னயக் கோயமுத்தூர் தாட்டி உட்டா. "அளவு?"ன்னன். "உங்க அளவுதானுங்க"ன்னா. இருந்தாலும் அடுத்தவன் காலு, கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிட்டா? கடையில போட்டு நடந்து பாருங்கன்னாங்க, நடந்து பாத்தன். எனக்குன்னு தெச்ச மாதிரி இருந்துது கண்ணு. கழட்ட மனசே வரல. அந்தாளு குடுத்து வெச்சவன்.

ஏங்கண்ணு, என்னமோ சொல்ல வந்த, வாயத் தொறந்துட்டு மூடிக்கிட்ட? கண்ணு வேற கலங்கியிருக்குது. தூசியா? ஜன்னலச் சாத்திக்க.

நானும் நெனச்சுப் பாத்தன். எனக்காச்சும் கோகிலா இருக்கறா, ஒரு முள்ளுக் குத்துனாக்கூடக் கண்டுபுடிச்சுருவா. அந்த எக்ஸு மாதிரி ஆளுகள எல்லாம் யாரு பாத்துக்குவா? அத நெனச்சா, அவ படிச்சது நல்லதுதான்னு எனக்கே படுது. அவகிட்டச் சொல்லல, சொன்னா அடுத்ததா டாக்டர் பட்டம்னு ஆரம்பிச்சுருவா.

பெருந்துறை வந்துருச்சு. பையக் கொஞ்சம் எடு கண்ணு. எறங்கறதுக்குள்ள ஒண்ணு சொல்லிப்போடறன். இன்னைக்கு அந்த எக்ஸப் பாத்ததும், நோரா மேடம் முன்னாலயே ஒண்ணு கேக்கப் போறன். ஏப்பா, அந்தப் பொம்பளை உன் ஸ்பூன் வரைக்கும் யோசனை பண்ணியிருக்கறா, உங்கால மடியில வெச்சுக் கழுவியிருக்கறா, உனக்காகத் தெனமும் அழுதிருக்கறா. ஒரு நாளாச்சும் அவகிட்ட, நீ நல்லாப் பாத்துக்கிட்டம்மான்னு வாயத் தொறந்து சொன்னியான்னு.

சொல்லியிருக்கமாட்டான் கண்ணு. அந்த மாதிரி ஆம்பளைகள எனக்கு நல்லாத் தெரியும்.